ஊமை லேப்டாப்

என் வீட்டுக்காரருக்குக் குரல் கிடையாது. பிறவியில் அப்படி இல்லை. போன வருஷம் தொண்டையில் வந்த கட்டிக்காகக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு சின்னத் துளை இருக்கிறது, மூச்சு அதன் வழியாகத்தான். வாயை அசைப்பார், உதடு சொல்லும், சத்தம் மட்டும் வராது. ஆளைப் பிழைக்க வைத்த டாக்டருக்குக் கோடி நன்றி. ஆனால் அவர் வெட்டி எடுத்தது எங்கள் வீட்டுக்குச் சோறு போட்ட தொண்டை.

இவர் பேருந்து நிலையத்தின் விசாரணை ஜன்னலில் உட்கார்ந்திருந்தவர். எந்த பஸ் எந்தப் பிளாட்பாரம், கடைசி வண்டி போய்விட்டதா, மில் கேட்டுக்கு அடுத்த வண்டி எப்போது என்று ஊரே வந்து கேட்கும். கேட்டதையும் சொல்வார், கேட்காததையும் சொல்வார். "துறைமுகம் பக்கமா போறீங்க? குடை எடுத்துட்டு வரலையா?" என்பார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்பவர் அன்றைக்கு ஒரு நல்ல வார்த்தை கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்று இவருக்கு ஒரு பிடிவாதம். வீட்டிலும் அப்படித்தான். என் வாயும் லேசுப்பட்டதில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம், இரண்டு பேருக்கும் எல்லாம் புரியும்.

ஆபரேஷனுக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வாய்தான். எங்கே போனாலும் ஜனங்கள் என்னைப் பார்த்தே கேட்டார்கள். "இவருக்கு வலி இருக்காம்மா?" "இவருக்கு டீயா, காபியா?" இவர் பக்கத்திலேயே ஆறடிக்கு உட்கார்ந்திருப்பார். காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் கேள்வி எனக்குத்தான் வரும். நானும் இவர் உதடு பிரிவதற்குள் பதிலைச் சொல்லி முடித்திருப்பேன். எனக்குத் தெரியாத மனுஷனா என்ற நினைப்பு.

அலுவலகத்தில் மேனேஜர் நல்லவர். கைகழுவிவிடவில்லை. ஒரு காலைப் பொழுது ஜன்னலில் உட்காரட்டும், வரிசை நகர்ந்தால் அதே வேலை, நகராவிட்டால் பின்பக்கம் பார்சல் குடோன் என்றார். குடோனுக்குப் போனாலும் சம்பளம் குறையாதாம். அங்கே ஜன்னல் கிடையாது, மூட்டைகளும் ஒரு தராசும்தான். இந்த மனுஷனை மூட்டைகளோடு அடைத்து வைத்தால் ஆறு மாதத்தில் உள்ளுக்குள்ளேயே செத்துப்போவார். அது எனக்குத் தெரியும், இவருக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை.

தொண்டையில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்று உண்டு. கட்டிக்காகக் கரண்ட் வைத்த கதிர்வீச்சுச் சிகிச்சையில் வெந்த தோல் அதைத் தாங்கவில்லை. அப்புறம் தட்டச்சு செய்தால் வாய்விட்டுப் படிக்கிற கம்ப்யூட்டர்தான் வழி. மேனேஜர் அதற்கும் சம்மதித்தார். ஆனால் ஒரே ஒரு பெட்டிதான் இருக்க வேண்டும், ஒயர் எதுவும் தொங்கக் கூடாது, ஜன்னலில் செல்போன் வைக்கவே கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். அந்த ஜன்னல் மேடையோ ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம். அதில் அடங்குகிற மாதிரி ஒரு குட்டி லேப்டாப்பைப் பழைய சாமான் கடையில் பிடித்து வந்தவன் என் தம்பி.

தம்பியை ஊரில் 'ஸ்க்ரூ' என்பார்கள். சின்ன வயதில் வீட்டில் இருந்த எல்லாவற்றையும் கழற்றியவன். மாட்டியதும் அவன்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கும். இப்போது ஜெராக்ஸ் கடையில் வேலை. பகலெல்லாம் மிஷினுக்குள் சிக்கிய காகிதத்தை இழுப்பான், மற்ற நேரமெல்லாம் லினக்ஸ் லினக்ஸ் என்று உயிரை விடுவான். குட்டி லேப்டாப்பில் முன்பிருந்த சிஸ்டம், திறந்தால் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு மெதுவு. அதைத் துடைத்தெறிந்துவிட்டு லினக்ஸைப் போட்டான்.

"இப்ப பாருக்கா, குதிரை மாதிரி ஓடும்" என்றான்.

ஓடத்தான் செய்தது. திரை பளிச்சென்று வந்தது, எழுத்துகள் விழுந்தன, எழுதியதைப் படிக்கிற நிரலும் ஏறி உட்கார்ந்தது. இவர் ஆசையாக ஒரு வரி அடித்துப் பொத்தானை அமுக்கினார். ஒன்றுமே கேட்கவில்லை. சத்தம் கூட்டுகிற இடத்தில் போய்ப் பார்த்தால் 'டம்மி அவுட்புட்' என்று எழுதியிருந்தது.

"டம்மின்னா என்னடா?"

"ஸ்பீக்கர் இருக்குறதே அதுக்குத் தெரியலக்கா. இந்த மாதிரி சின்ன லேப்டாப்புல சவுண்டு சிப்பு கொஞ்சம் தகராறு பண்ணும்."

"நல்ல பொட்டியா பாத்துப் புடிச்சடா. உங்க மாமாவுக்குத் துணையா இன்னொரு ஊமை."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். இவர் தோள் குலுங்கச் சிரித்தார். இப்போது இவர் சிரிப்பது அப்படித்தான், தோள் மட்டும்.

அன்றிலிருந்து தம்பி தினமும் கடை முடிந்ததும் எங்கள் வீட்டில் ஆஜர். சாப்பாட்டு மேசை அவன் பட்டறை ஆயிற்று. சிப்புக்கு வேண்டிய ஏதோ ஒரு கோப்பு லினக்ஸில் இல்லை என்று கண்டுபிடித்துத் தேடிப் போட்டான். டம்மி போய் உண்மையான பெயர் வந்தது. கூட்டுகிற பட்டை ஏறி இறங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை. கறுப்புத் திரையில் வரிவரியாக எதையோ ஓடவிட்டு அதைக் கண் கொட்டாமல் படிப்பான். இவர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, புரியாவிட்டாலும் கூடவே படிப்பார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"திருப்பிக் குடுத்துட்டு வேற வாங்குடா."

"இந்த மேடைக்கு இதைவிடச் சின்னது கிடைக்காதுக்கா. கொஞ்சம் பொறு."

எனக்கும் பொறுமைக்கும் என்ன சம்பந்தம்? என் பழைய ஹெட்செட்டை எடுத்து வந்து ஓட்டையில் சொருகி, காதில் மாட்டிக்கொண்டேன். சும்மா ஒரு ஆத்திரத்தில், இவர் அடித்து வைத்திருந்த வரிக்குப் பொத்தானையும் அமுக்கினேன். காதுக்குள் ஒரு ஆள் மூக்கால் "மில் கேட் செல்லும் பேருந்து" என்றான். நான் போட்ட கூச்சலில் தம்பி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். ஹெட்செட்டைப் பிடுங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தான். வெளியே உருவினான், திரும்பச் சொருகினான், திரையைப் பார்த்தான்.

"இது எப்பவுமே ஹெட்செட் மாட்டியிருக்குன்னே நினைச்சுக்கிட்டு இருக்குக்கா. அதான் ஸ்பீக்கருக்கு அனுப்பவே இல்ல. ஓட்டையைப் பாக்காத, எல்லாத்தையும் ஸ்பீக்கருக்கே அனுப்புன்னு சொல்லணும்."

"அதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றதுன்னுதான் தேடணும்."

ஒரு விடுமுறை நாள் முழுக்கத் தேடினான். எங்கோ ஒரு தேசத்தில் இதே குட்டி லேப்டாப்பை வைத்துக்கொண்டு இதே பாடு பட்ட ஒருவர், இணையத்தில் ஒரு வரியை எழுதி வைத்திருந்தார். அதில் ஒரு எண்ணை மட்டும் மாற்றினால் போதும். தம்பி மாற்றினான், அணைத்துத் திரும்பப் போட்டான், லேப்டாப்பை இவர் பக்கம் தள்ளினான். இவர் யோசித்து, இரண்டு விரலால் டொக்கு டொக்கென்று அடித்தார்.

"மச்சான், சாப்பிட்டுட்டுப் போ" என்றது லேப்டாப்.

தம்பி அழுதுவிட்டான். வெட்கமே இல்லாமல் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதான். எனக்கும் நெஞ்சு விம்மியது. ஆனாலும் இத்தனை காலம் கழித்து வாய் திறந்த மனுஷன், கட்டிய பெண்டாட்டியை விட்டுவிட்டு மச்சானைச் சாப்பிடக் கூப்பிடுகிறாரே என்று ஒரு பக்கம் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பாடு போட்டவள் நான்தான் என்பதை இரண்டு பேருக்கும் நினைவுபடுத்தினேன்.

அதோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் இந்த லினக்ஸ்காரர்களுக்கு ஒரு நோய் இருக்கிறது. நன்றாக ஓடுகிற ஒன்றைப் பார்த்தால் அவர்களுக்குக் கை சும்மா இருக்காது. ஜன்னலில் உட்கார வேண்டிய நாளுக்கு முதல் நாள் மாலை, எல்லாம் புத்தம் புதிதாக இருக்கட்டும் என்று தம்பி அப்டேட் போட்டிருக்கிறான். போட்டுவிட்டு, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஓசைப்படாமல் அணைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

மறுநாள் காலை இவர் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டார். கழுத்துத் துளையின் மேல் புது வெள்ளைத் துணி. வழியெல்லாம் லேப்டாப் பையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டே வந்தார். மேனேஜர் ஜன்னல் அறையைத் திறந்துவிட்டு என்னிடம், "நீங்க வெளியவே நில்லுங்கம்மா. ஜனங்களுக்குப் பதில் அவர்தான் சொல்லணும். நீங்க எடுத்துக் கொடுக்கக் கூடாது" என்றார். தலையாட்டினேன். இந்த வாயை வைத்துக்கொண்டு தலையாட்டுவது சுலபம்.

வரிசை சேர்ந்தது. முதல் ஆள், கையில் கருவிப் பையோடு ஒரு பிளம்பர். "துறைமுகத்துக்கு எந்தப் பிளாட்பாரம்ணே?" இவர் அடித்தார், பொத்தானை அமுக்கினார். சத்தம் இல்லை. திரும்ப அமுக்கினார். பிளம்பர் கண்ணாடியைத் தட்டி, "அண்ணே, உங்களைத்தான்" என்றார். இவர் திரையில் எதையோ பார்த்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உதடு 'டம்மி' என்று அசைந்தது.

ஓரமாகப் போய்த் தம்பிக்குப் போன் போட்டேன். பின்னால் ஜெராக்ஸ் மிஷின் சத்தம்.

"டேய், சத்தம் வரலடா!"

மிஷினை நிறுத்தினான். "அக்கா, நேத்து அப்டேட் போட்டேன்."

"ஏன்டா போட்ட?"

"புது கெர்னல் வந்திருந்துச்சுக்கா."

அவனைத் திட்ட எனக்கு வார்த்தைக்குப் பஞ்சமில்லை, நேரத்துக்குத்தான் பஞ்சம். கெர்னல் என்பது உள்ளே இருந்துகொண்டு திரை, விசை, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் வேலை வாங்குகிற மேஸ்திரி என்று அவனே ஒருமுறை விளக்கியிருந்தான். பழைய மேஸ்திரிக்கு நாங்கள் சொல்லி வைத்திருந்தோம். புது மேஸ்திரிக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. நல்லவேளை, பழையவரை இன்னும் வீட்டுக்கு அனுப்பவில்லையாம், உள்ளேயேதான் இருக்கிறாராம்.

"மாமாவை அணைச்சுப் போடச் சொல்லுக்கா. வந்ததும் ஒரு லிஸ்ட் காட்டும். முதல் வரி புதுசு. கீழ் அம்புக்குறியை அமுக்கி ரெண்டாவது வரிக்குப் போயி என்டர் தட்டணும். சும்மா விட்டா பத்து எண்றதுக்குள்ள அதுவே முதல் வரியை எடுத்துக்கும், பாத்துக்க."

ஜன்னலுக்கு ஓடி அதை அப்படியே சொன்னேன். மேனேஜர் தன் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார். "மிஷினைப் பத்தித்தான் சார்" என்றேன். இவர் அணைத்துப் போட்டார். குட்டி லேப்டாப் மெல்ல விழித்துக்கொண்டிருந்தது. வரிசையில் முணுமுணுப்பு. பிளம்பர் பொறுமையிழந்து போய்விட்டார். அடுத்தது ஒரு வயதான தம்பதி. பெரியவரின் கையில் எக்ஸ்ரே உறை. அம்மாள் குனிந்து கண்ணாடித் துளையில், "பெரியாஸ்பத்திரி வண்டி எங்கேப்பா நிக்கும்? பத்து மணிக்கு டாக்டரைப் பாக்கணும்" என்றாள்.

இவர் கையைக் காட்டி, கொஞ்சம் பொறுங்கள் என்றார். அந்த அம்மாளுக்கு அது புரியவில்லை. பதறிப்போய்ச் சுற்றிலும் பார்த்தாள். பெரியவருக்கு நிற்க முடியவில்லை. எனக்குப் பெரியாஸ்பத்திரி வண்டி தெரியாதா? எத்தனை முறை இவரைக் கூட்டிக்கொண்டு அதில் போய் வந்திருக்கிறேன்!

"மூணாவது பிளாட்பாரம்மா, ஓடுங்க, இப்ப எடுத்துடுவான்" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு பேரும் தட்டுத் தடுமாறி மூன்றை நோக்கி நடந்தார்கள். கண்ணாடியில் பட்டென்று ஓர் அடி விழுந்தது. இவர்தான். முகம் சிவந்து, இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டு, கையால் எதிர்ப்பக்கத்தைக் காட்டினார். நான் கடைசியாகப் போய் வந்ததற்கு அப்புறம் ஆஸ்பத்திரி வண்டியைக் கோடிப் பிளாட்பாரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். மூன்றில் இப்போது நிற்பது ஊரைவிட்டே போகிற தூர வண்டி. வீட்டில் இருந்தபோதும் இவர் புது நேர அட்டவணையை வரவழைத்துப் படித்துக்கொண்டேதான் இருந்தார். எதற்கு இதெல்லாம் என்று அப்போது கேட்டவளும் நான்தான்.

இவரால் கூப்பிட முடியாது. அதனால் எழுந்தார். அறைக்கதவைத் திறந்துகொண்டு ஓடினார். பேச்சு போனவர் ஓடினால் மூச்சும் சிரமம், கழுத்துத் துணி அடித்துக்கொண்டது. தூர வண்டியின் படியில் கால் வைத்த பெரியவரைத் தோளைப் பிடித்து இறக்கினார். அந்த அம்மாளின் பையை வாங்கிக்கொண்டு, இருவரையும் கூட்டத்துக்குள் புகுந்து கோடி வரைக்கும் நடத்திக்கொண்டு போனார். நான் ஜன்னலிலேயே நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காலி நாற்காலி. லேப்டாப்பில் அந்த லிஸ்ட் வந்தது. கண்ணெதிரில் வந்தது. கை எட்டவில்லை. ஒன்பது, எட்டு, ஏழு என்று இறங்கிக்கொண்டே போய் முதல் வரியை அதுவே எடுத்துக்கொண்டது. புது மேஸ்திரி திரும்ப வேலைக்கு வந்துவிட்டார்.

மேனேஜர் எழுந்து வந்து காலி நாற்காலியைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். நான் என்னையே நாலு அறை அறைந்துகொள்ளலாமா என்று நின்றேன். குடோன் கதவைத் திறந்து இவரை உள்ளே தள்ளியது வேறு யாருமில்லை, என் வாய்தான்.

இவர் திரும்பி வந்தார். வியர்வை வழிய நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு அடங்கும் வரை கண்ணை மூடியிருந்தார். என்னைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. லேப்டாப்பை மறுபடி அணைத்துப் போட்டார். நான் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். அடுத்து நின்ற நர்ஸ் என்னிடம், "மில் கேட் வண்டி உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும். நேற்று வரைக்கும் தெரியும். தலையை ஆட்டி, கையால் ஜன்னலைக் காட்டினேன். அவள் நின்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் நின்றார்கள்.

லிஸ்ட் வந்தது. இவர் விரல் கீழ் அம்புக்குறிக்குப் போனது. இரண்டாவது வரி, என்டர். திரை இருண்டது, எழுத்து ஓடியது, பளிச்சென்று வந்தது. இவர் அடித்தார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. மில் கேட் வண்டி ஏழாவது பிளாட்பாரம். இன்னும் நேரம் இருக்கு, மெதுவா போங்க."

மூக்கால் பேசுகிற அந்தக் குரலைக் கேட்டு நர்ஸ் ஒரு கணம் திகைத்தாள். கழுத்துத் துணியைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். "சரிங்கய்யா, ரொம்ப நன்றி" என்று நேராக இவரிடம் சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் வரிசை நகர்ந்தது. வேகமாக என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நகர்ந்தது. ஒரு பையன் வேண்டுமென்றே இரண்டு தடவை வந்து ஒரே கேள்வியைக் கேட்டான், அந்தக் குரலைக் கேட்பதற்காக. இவரும் இரண்டு தடவையும் பதில் சொன்னார். இரண்டாம் தடவை, ஷூ கயிற்றைக் கட்டிக்கொள் என்று சேர்த்துச் சொன்னார்.

மதியம் ஜன்னலை மூடினார்கள். மேனேஜர் எங்களைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். இவர் லேப்டாப்பைத் திறந்தபடியே கையில் ஏந்தி வந்தார். மேனேஜர் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்துவிட்டு, வழக்கம்போல என்னைப் பார்த்தார்.

"காலையில ஜன்னலைப் போட்டுட்டு எழுந்து போனாரும்மா. ஜனங்க நிக்கும்போது அது பெரிய தப்பு. நீங்க என்ன சொல்றீங்க, இவரால இது முடியுமா?"

பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. தப்பு என்னுடையது சார், இவர் தங்கமான மனுஷர் சார், கெஞ்சிக் கேட்கிறேன் சார். எல்லாவற்றையும் விழுங்கினேன்.

"அவர்கிட்ட கேளுங்க சார்" என்றேன்.

மேனேஜர் கொஞ்சம் சங்கடப்பட்டு இவர் பக்கம் திரும்பினார். இவர் லேப்டாப்பை மேசைமேல் வைத்து அடிக்க ஆரம்பித்தார். இரண்டு விரல்தான். நீளமாக அடித்தார், ஓரிடத்தில் அழித்துவிட்டு மறுபடி அடித்தார். மேனேஜர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். இவர் என்ன சொல்லப் போகிறார் என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

"முடியும் சார்" என்றது அந்தக் குரல். "அந்தப் பெரியவர் தப்பான வண்டியில ஏறியிருந்தா இன்னிக்கு டாக்டரைப் பாத்திருக்க மாட்டார். அதான் எழுந்து போனேன். நாளைக்கு அப்படி ஒருத்தர் போனா நாளைக்கும் எழுந்து போவேன். அது ஒத்துவராதுன்னா சொல்லிடுங்க, குடோனுக்குப் போயிடறேன்."

என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கண் மறைத்துக்கொண்டு வந்தது. மேனேஜர் பேனாவை உருட்டுவதை நிறுத்தினார். வெகுநேரம் அந்தக் குட்டித் திரையில் இருந்த எழுத்துகளையே பார்த்தார், கேட்டது போதாதென்று இன்னொரு முறை படிப்பவர் மாதிரி.

"நாளைக்குக் காலை ஷிஃப்டுக்கு வந்துடுங்க" என்றார். "குரலை மட்டும் இன்னும் கொஞ்சம் சத்தமா வைங்க, கடைசியில நிக்கிறவங்களுக்கும் கேக்கட்டும்."

என் வீட்டுக்காரரின் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.